கட்டிங் மிஷின்ல கார்டு இருந்துச்சான்னும் ஒரு வரி போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

கட்டிங் மிஷின் அறுத்து தொழிலாளி பலின்னு அப்பப்ப உங்க பேப்பர்ல சின்னதா ஒரு கட்டம் கட்டி செய்தி வருது, கவனக்குறைவா வேலை பாத்தாருன்னு கடைசில ஒரு வரி இருக்கும், அம்புட்டுத்தான். நான் மதுரை கப்பலூர் பக்கம் 20 வருசத்துக்கு மேல இரும்பு கேட், கிரில் செய்யிற பட்டறை நடத்துறேன். அதப் படிக்கிறப்பல்லாம் எனக்கு வர்ற கேள்வி ஒண்ணுதான், அந்த மிஷின்ல கார்டு, அதான் அறுக்குற வட்ட வீல மறைக்கிற தடுப்புத் தகரம், இருந்துச்சா?

வெளியாளுகளுக்குத் தெரியாது, சொல்றேன். ஏஜி-4ன்னு நாங்க சொல்ற 4 இஞ்ச் மிஷின் நிமிசத்துக்கு 11,000 சுத்து சுத்தும். கணக்குப் போட்டா வீலோட ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல ஓடுது. வீலு ஒடஞ்சு தெறிச்சா நம்ம மூஞ்சிக்கும் அதுக்கும் நடுவுல நிக்கிறது அந்த அரைவட்டத் தகரம் மட்டுந்தான், அதத்தான் நம்மாளுக மிஷின் வாங்குன அன்னைக்கே கழட்டி மூலைல போட்டுர்றாங்க. கேட்டா, கார்டு இருந்தா 5 இஞ்ச் வீல் மாட்ட முடியல, மூலைல எட்டல, கான்கிரீட்டுக்கு அடிக்கிற சென்ட்ரிங் பலகை அறுக்க ஆழமா எறங்க மாட்டேங்குதுன்னு பதில் வரும். எல்லாம் நெசந்தான், அதுக்காக இரும்பு அறுக்குற மிஷின்ல பல்லு பிளேடு மாட்டி மரம் அறுக்கலாமா? மரத்துல ஒரு கணுவோ ஆணியோ பல்லுல மாட்டுச்சுன்னா மிஷின் கைய உதறிட்டு நம்ம மேலயே பாயும், சுதாரிக்க நேரமே இருக்காது.

வீலும் சும்மா ஒண்ணும் ஒடையிறதில்ல. பைப்பு ரெண்டு முனைக்கும் அடில செங்கல் முட்டுக் குடுத்து நடுவுல அறுப்பாங்க, அறுத்து முடியப் போறப்ப பைப்பு நடுவுல தொங்கி வாயி மூடி வீலக் கவ்விரும். அறுத்து விழப்போற பக்கத்த தொங்க விட்டுட்டு மிச்சத்தக் கிளாம்ப் போட்டு நிறுத்துனா இந்தத் தொல்லையே இல்ல. இன்னொன்னு, மெல்லிசா இருக்குற கட்டிங் வீல்ல பக்கவாட்டுல வச்சு பிசிறு தேய்க்கிறது, அதுக்குன்னு தடிச்ச கிரைண்டிங் வீல் தனியா இருக்குதுல்ல. வீலு நடுவுல இருக்குற தகர வளையத்துல மாசம் வருசம் அடிச்சிருப்பான், அது மாத்திர அட்டைல இருக்குற மாதிரி காலாவதித் தேதி, அத எத்தன பேரு பாத்துருக்கோம்?

என் கதையவும் சொல்லிர்றேன். 2009ல ஒரு நாளு வேலை நடுவுல கரண்ட் போச்சு, மிஷின் சுவிட்ச் லாக்ல கெடந்தத எடுத்து விடாம அப்படியே தரைல வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்து பக்கத்துல குத்த வச்சு உக்காந்து பைப்ப அளக்குறேன், கரண்ட் வந்துருச்சு. மிஷின் தரைல தானா ஓடி வந்து என் கைலியச் சுருட்டி இழுத்துச்சு, துணி முழுக்கச் சுத்தி மோட்டார் இறுகுனதுக்கு அப்பறந்தான் நின்னுச்சு. தொடைல 11 தையல். அன்னைக்கு கார்டு இல்ல, நானே கழட்டுனதுதான். அதுக்கப்பறம் பட்டறைல கைலியும் இல்ல, கழுத்துல துண்டும் இல்ல, கரண்ட் போனா மொதல்ல பிளக்கப் புடுங்குன்னு பயலுகள வையாத நாளில்ல.

கண்ணுக்குப் போடுற பாதுகாப்புக் கண்ணாடி விசயம் எனக்கே வெக்கமான விசயம். மதுரை வெயில்ல கண்ணாடி போட்டா அஞ்சு நிமிசத்துல வேர்வைல மங்கிரும், உண்மைதான். ஆனா அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1976லருந்து இருக்குற ஊருல, கண்ணுல இரும்புப் பொறி விழுந்தா கைக்குட்டை நுனிய முறுக்கி பக்கத்துல இருக்குறவன விட்டு எடுக்கச் சொல்றோம். ஒரு நாள் விட்டாலே அந்தத் தூளு கருவிழில துரு புடிச்சுரும். டைல்ஸ், கிரானைட் அறுக்குறவங்க தூசி சங்கதி தனி, தண்ணி விட்டு அறுத்தா ரொம்பவே கொறையும்.

போன மாசம் என் மிஷின் மோட்டார்ல கார்பன் கட்டை தேஞ்சு போயி ஒரு வாடகைக் கடைல மிஷின் கேட்டேன். கார்டு இல்ல, இன்னொரு கையால புடிக்கிற சைடு ஹேண்டிலும் இல்ல. எங்கப்பான்னேன். "அது எப்பவோ தொலஞ்சு போச்சுண்ணே, வேணும்னா இருபது ரூவா கொறச்சுக் குடுங்க"ன்றாப்ல. நான் வேணாம்னு வந்துட்டேன், எனக்குப் பின்னாடி நின்ன பய அதயே வாங்கிட்டுப் போறான், இருவது வயசு கூட இருக்காது.

அதனால அடுத்த தடவ இப்படி ஒரு செய்தி வந்தா உங்க நிருபர அந்த மிஷின ஒரு தடவ நேர்ல பாக்கச் சொல்லுங்க. கார்டு இருந்துச்சா, ஹேண்டில் இருந்துச்சா, என்ன பிளேடு மாட்டிருந்துச்சு, சொந்த மிஷினா வாடகை மிஷினா. ரெண்டு வரி கூட்டிப் போடுங்க.

இப்படிக்கு,
கிரில் பட்டறைக்காரர், கப்பலூர்.