தேயிலைக்கு முன்னால் தபால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் அமெரிக்கப் புரட்சி பற்றி வந்த கட்டுரையைப் பேத்திக்குப் படித்துக் காட்டினேன். பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள், ஊரெல்லாம் கொதித்து எழுந்தது, போர் மூண்டது என்று நாலு வரியில் முடித்துவிட்டீர்கள். "ஊருக்கெல்லாம் யார் தாத்தா சொன்னா? அப்ப போன் கிடையாதே" என்று கேட்டாள். சென்னையில் 34 வருஷம் தபால் பிரித்தவனிடம் இப்படிக் கேட்டால் சும்மா இருக்க முடியுமா?

தேயிலையைக் கொட்டியது 1773 டிசம்பர் 16. அதற்கு ஒரு வருஷம் முன்பே, 1772 நவம்பரில், அந்த ஊர் அரசியல்வாதி சாமுவேல் ஆடம்ஸ் முன்மொழிய, பாஸ்டன் ஊர்க்கூட்டம் 21 பேரை வைத்துக் கடிதப் போக்குவரத்துக்கென்றே ஒரு குழு போட்டுவிட்டது. நம் உரிமைகள் இவை, பிரிட்டிஷ் அரசு அவற்றில் கைவைத்தது இப்படி என்று ஒரு சிறு வெளியீடு அச்சடித்து மாசசூசெட்ஸ் ஊர்களுக்கு அனுப்பினார்கள், அனுப்பியதோடு விடாமல் உங்கள் அபிப்பிராயத்தை எழுதுங்கள் என்றும் கேட்டார்கள். விஷயமே இந்தக் கேட்டதில்தான் இருக்கிறது. சின்னச் சின்ன ஊர்களில்கூட விவசாயிகள் கூட்டம் போட்டு, அதை உரக்கப் படித்து, வாதாடி, தீர்மானம் எழுதிப் பதில் அனுப்பினார்கள். நூறு ஊர்களுக்கு மேல் பதில் வந்தது! மறு வருஷம் மார்ச்சில் வர்ஜீனியா சட்டமன்றம் இதேபோல 11 பேர் குழு ஒன்றை அமைத்து பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மற்ற அமெரிக்கக் காலனிகளையும் அமைக்கச் சொன்னது, அந்தக் குழுவில் பின்னால் ஜனாதிபதியான ஜெஃபர்சனும் பேச்சாளர் பேட்ரிக் ஹென்றியும் இருந்தார்கள். 1774 செப்டம்பரில் பிலடெல்பியாவில் 12 காலனிகளின் பிரதிநிதிகள் ஒன்றாக உட்கார்ந்தார்கள் என்றால் (ஜார்ஜியா மட்டும் வரவில்லை) அதற்கு முன்னால் இத்தனை கடிதம் ஓடியிருக்கிறது.

சரி, கடிதம் எப்படிப் போனது? ராஜாங்கத் தபாலில் போட்டால் நடுவில் யாராவது பிரித்துப் பார்ப்பார்கள் என்ற பயம். முக்கியமான சேதிக்குக் குதிரையில் ஆள் போவார். தேயிலை கொட்டிய மறுநாளே நியூயார்க்குக்கும் பிலடெல்பியாவுக்கும் சேதியோடு கிளம்பிய பால் ரிவியர் தொழிலால் வெள்ளிப் பட்டறைக்காரர். பெஞ்சமின் பிராங்க்ளின் கதை இன்னும் வேடிக்கை. அரசுத் தபாலில் பெரிய பதவியில் இருந்தவரை 1774 ஜனவரியில் வேலையை விட்டு நீக்கினார்கள், 1775 ஜூலையில் காலனிகள் சொந்தத் தபால் துறை தொடங்கியபோது தலைமைப் பதவி அவருக்கே வந்தது.

அப்புறம் இன்னொன்று. அன்று கடலில் போனது கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை, நம் கோட்டையில் உட்கார்ந்து ஆண்ட அதே கம்பெனி. அதை எதிர்த்து 1801 ஜூனில் சின்ன மருது வெளியிட்ட அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. இதைக் கிழிப்பவன் பஞ்சமா பாதகம் செய்தவன் ஆவான் என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள், கிழிக்க ஆள் வரும் என்று தெரிந்தே ஒட்டியிருக்கிறார்கள். அந்த அறிக்கையை மாணவர் பக்கத்தில் முழுசாகப் போடுங்கள். பேத்திக்கு அதையும் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
பெரம்பூர், சென்னை