தண்டுவட மின்தூண்டல் யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காலில் ரத்த ஓட்டம் மிகவும் குன்றியவர்களுக்குத் தண்டுவடத்தில் மின்தூண்டல் கருவி பொருத்தும் சிகிச்சையைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். காலை இழக்கும் நிலையில் உள்ளவருக்கு அது நம்பிக்கை தரும் செய்திதான். ஆயினும் அது யாருக்கு உரியது என்பது கட்டுரையில் தெளிவாக இல்லை. அந்தத் தெளிவு இல்லாமல் எங்கள் குடும்பம் மூன்று மா (சுமார் ஒரு ஏக்கர்) நிலத்தை அடகு வைக்கத் துணிந்தது என்பதால் இதை எழுதுகிறேன்.

பாபநாசம் வட்டத்தில் விவசாயம் செய்யும் என் அண்ணனுக்கு 61 வயது. சர்க்கரை நோயும், 40 ஆண்டு பீடிப் பழக்கமும் உண்டு. வரப்பில் சிறிது தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இறுகிப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்று சென்ற சம்பா நடவின்போதே சொன்னார். வாதம் என்று தைலம் தேய்த்தோம். பெருவிரலில் வந்த புண்ணைச் சேற்றுப்புண் என்று எண்ணி மஞ்சள் பூசினோம். இரவில் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால்தான் வலி தணியும் என்றான பிறகே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். பாதத்தில் நாடித்துடிப்பு இருக்கிறதா என்றுகூடத் தொட்டுப் பார்க்காமல், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அந்த வேளையில்தான் உறவினர் ஒருவர் இந்த மின்தூண்டலைப் பற்றிச் சொல்ல, பணத்துக்கு அலைந்தோம்.

அதற்குள் தஞ்சாவூரில் ரத்தநாள அறுவை மருத்துவர் ஒருவரைப் பார்த்தது எங்கள் நல்ல காலம். ரத்த ஓட்டத்தை ஒலியலையால் அறியும் டாப்ளரும், ரத்தக் குழாயில் சாயம் செலுத்திப் படம் பிடிக்கும் ஆஞ்சியோவும் எடுத்து, தொடைத் தமனியில் இருந்த அடைப்பைப் பலூன் கொண்டு திறந்தார். பெருவிரல் போயிற்று, கால் தப்பியது.

அவர் விளக்கியதையும் பின்னர் நான் தேடிப் படித்ததையும் சொல்கிறேன். 1967-இல் தீராத வலிக்காக முதலில் பயன்படுத்தப்பட்ட இந்த முறையில், தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய மின்முனைக் கம்பியையும், வயிற்றுப் பகுதியிலோ இடுப்பின் பின்புறத்திலோ தோலுக்கு அடியில் பேட்டரிக் கருவியையும் வைக்கிறார்கள். அது தமனியின் அடைப்பைத் திறப்பதில்லை. நரம்புகளைத் தூண்டி நுண்ணிய ரத்த நாளங்களை விரியச் செய்கிறது, வலியையும் குறைக்கிறது. ஆகவே பலூனோ, அடைப்பைச் சுற்றி மாற்றுவழி அமைக்கும் பைபாஸோ செய்யவே இயலாதவர்களுக்குத்தான் இது பேசப்படுகிறது. சுமார் 450 நோயாளிகளை உள்ளடக்கிய 6 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு தொகுத்த மதிப்பாய்வின்படி, கருவி இல்லாத வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட, ஏறத்தாழ 9 பேருக்குப் பொருத்தினால் ஓராண்டில் ஒருவரின் கால் கூடுதலாகக் காப்பாற்றப்படுகிறது. வலி மாத்திரையின் தேவையும் குறைகிறது. ஆனால் புண் ஆறுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கருவி பொருத்தியவர்களில் 100-க்கு 15 பேருக்கு மறுபடியும் அறுவை தேவைப்பட்டிருக்கிறது. எந்தச் சிகிச்சையை அளிக்கலாம் என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2008-இல், ரத்த ஓட்டக் குறைவால் வரும் வலிக்கு இதை ஆராய்ச்சியின் பகுதியாக மட்டுமே அளிக்கலாம் என்றது. வேறு வழியற்ற ஒருவருக்கு ஒன்பதில் ஒன்று என்பது பெரிது என்பதை நான் மறுக்கவில்லை. வழி இருப்பவர் அதைத் தெரிந்துகொள்ளாமல் கருவிக்காகக் கடன்படக் கூடாது என்பதே என் கவலை.

சர்க்கரையும் புகையிலையும் இல்லாத தெரு எங்கள் ஊர்ப்பக்கம் அரிது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பணியாளர்கள் பாத நாடியையும் தொட்டுப் பார்க்கப் பழக்கப்பட வேண்டும். கணுக்காலில் ரத்த அழுத்தத்தை அளக்கும் சிறிய கை டாப்ளர் வட்ட மருத்துவமனைகளில் இருக்க வேண்டும். அவசரமாக உயிர் காக்க வேண்டிய நிலை தவிர, ரத்தநாள மருத்துவர் பார்க்காமல் எவர் காலையும் எடுக்கும் முடிவுக்கு வரக் கூடாது. இவற்றைச் சுகாதாரத் துறையின் கவனத்துக்குக் கொண்டுசெல்வதோடு, அந்தச் சிகிச்சை எவருக்குப் பொருந்தும், எவருக்குப் பொருந்தாது என்பதை ஒரு ரத்தநாள மருத்துவரைக் கொண்டே தாங்கள் எழுதச் செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.