தாணுவுக்கு, தராத முந்திரிக்கொத்தோடு

நாகர்கோவில்
26.07.2022

லே தாணு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் நீ கிழித்துப் போட்டுவிடுவாய். ஆகவே சுருக்கமாக: மூட்டுவலி அப்படியே இருக்கிறது. சாந்தாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது, நாக்குதான் கட்டுக்குள் வரவில்லை. கடைக்குட்டிக்குத் திருவனந்தபுரத்தில் வேலை. சனிக்கிழமை தோறும் ஒரு மூட்டை அழுக்குத் துணியோடு வந்து இறங்குகிறாள். கன்னிப்பூப் பயிர் பச்சையாக நிற்கிறது, நிற்க இடமிருக்கிற வயல்களில். நம்ம ஏலாவில் பாதி பிளாட் ஆகிவிட்டது. குசலம் முடிந்தது.

உனக்கு ஒரு வரி எழுதி பதினான்கு மாதம் ஆகிறது. நடுவில் மூன்று தடவை எழுத உட்கார்ந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். இப்போது என்னை எழுத வைத்தது உங்கள் ஒடிசாக்காரி, திரௌபதி முர்மு.

நேற்றுக் காலை பத்து மணிக்கு ராஷ்டிரபதியாகப் பதவியேற்பு. நான் ஒன்பதரைக்கே குளித்து, வேட்டி மாற்றி, டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டேன். சாந்தா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தம்மா வெள்ளைப் புடவையில், சிவப்பும் பச்சையுமாகக் கரை போட்டது, மைய மண்டபத்துக்கு வந்து உறுதிமொழி எடுத்தார். பேச ஆரம்பிக்கும்போது முதல் வார்த்தை ‘ஜோஹார்’. அது சந்தாலிகள் வணக்கம் சொல்கிற சொல் என்று நீதான் முன்பு எப்போதோ எழுதியிருந்தாய். எனக்கு நெஞ்சில் என்னமோ செய்தது மக்கா.

நீ இப்போது சிரிப்பது எனக்குக் கேட்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கட்சி மாறவில்லை. இருபத்தொரு வயதில் ஓட்டு வந்த நாளிலிருந்து நான் கை வைத்தது கைச் சின்னத்தில் மட்டும்தான், நீ என்ன கேலி பண்ணினாலும். இது கட்சிச் சமாச்சாரம் இல்லை. பேப்பரில் அந்தம்மாவின் வாழ்க்கைக் குறிப்பைப் படித்தாயா? 1958-இல் பிறந்தவர். நம்ம செட். அதை விடு. 1979-இல் ஒடிசா அரசின் பாசனத் துறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். என்ன வேலை? இளநிலை உதவியாளர்! லே, ஜூனியர் அசிஸ்டெண்ட்! அதற்கு மறு வருசம் நான் இங்கே பேச்சிப்பாறை செக்ஷன் ஆபீஸில் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். அதே பேரேடு, அதே சிவப்பு மை, அதே மெமோ. அவர் 1983-இல் வேலையை விட்டுவிட்டார், அப்புறம் ராய்ரங்பூரில் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார், 1997-இல் கவுன்சிலர், 2000-இல் எம்.எல்.ஏ., மந்திரி, ஜார்க்கண்டில் கவர்னர், இப்போது ராஷ்டிரபதி. நான் வேலையை விடவில்லை. முப்பத்தாறு வருசம் கழித்து சூப்பிரண்டாக ரிட்டயர் ஆனேன். வேலையை விட்டிருந்தால் எங்கே போயிருப்பேனோ என்று சாந்தாவிடம் கேட்டேன். “வடசேரி சந்தைக்கு” என்றாள்.

நம்ம சாயக்கடைக் கூட்டம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். போன ஒரு மாதமாக அங்கே வேறு பேச்சே இல்லை. நமக்கு ஓட்டே இல்லாத தேர்தலில் இத்தனை சண்டையா என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கோலப்பன் சார்தான் அதற்குப் பதில் சொன்னார். யார் சொன்னது நமக்கு ஓட்டு இல்லையென்று, இருக்கிறது, ரொம்பச் சின்னதாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சிகரெட் அட்டையைக் கிழித்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். உனக்கு அவரைத் தெரியுமே, கணக்கென்று வந்துவிட்டால் சாயா ஆறிப்போவது தெரியாது.

கணக்கு இது. தமிழ்நாட்டு மக்கள்தொகையை 234-ஆல் வகுத்து, அதை ஆயிரத்தால் வகுத்தால் ஒரு எம்.எல்.ஏ.வின் ஓட்டு மதிப்பு: 176. நம்ம மாவட்டத்தில் ஆறு எம்.எல்.ஏ., ஆக 1,056. எம்.பி. ஒருவர், அவர் ஓட்டுக்கு இந்தத் தடவை 700. மொத்தம் 1,756. 2011 கணக்குப்படி மாவட்டத்தில் 18,70,374 பேர். அப்படியென்றால் 1,065 பேருக்கு ஒரு ஓட்டு. “நம்ம தெரு முழுக்கச் சேர்ந்தாலும் கால் ஓட்டு தேறாது, அதற்குப் போய் ஏண்டே கத்துறீங்க” என்றார் சார். அன்றிலிருந்து என்னைக் கண்டால் பையன்கள் “ஆயிரத்து அறுபத்தஞ்சில் ஒண்ணு வருது” என்கிறார்கள்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வில்லங்கம். மக்கள்தொகை என்று அவர்கள் எடுப்பது இன்றைக்கு உள்ளதை இல்லை, 1971-ஆம் வருசக் கணக்கை. 4 கோடியே 11 லட்சத்துச் சொச்சம். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் நஷ்டப்படக் கூடாது என்று அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நியாயம்தான். அதன்படி பார்த்தால் நானும் நீயும் பதின்மூன்று வயசுப் பொடியன்களாக அதற்குள் நிற்கிறோம், டவுசர் போட்டுக்கொண்டு. என் மூன்று பிள்ளைகளும் கணக்கிலேயே இல்லை.

களியக்காவிளை தாண்டினால் இன்னொரு கூத்து. கேரளத்து எம்.எல்.ஏ.வுக்கு மதிப்பு 152. உ.பி.க்காரருக்கு 208, சிக்கிமில் வெறும் 7. பாறசாலைக்காரர் ஓட்டு நம்ம ஓட்டைவிட 24 குறைச்சல் என்று கேட்டதும் கடையில் ஒரே கைதட்டல். 1956-இல் இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததற்கு இப்போதாவது லாபம் தெரிந்ததே என்றார் ஒருவர். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தால், ஒரு பாலம் தாண்டுவதற்குள் மனிதன் எடை குறைகிறானே என்று இருந்தது.

பதினெட்டாம் தேதி ஓட்டுப்பதிவு. மூன்று நாளைக்கு முன்னால்தான் காமராஜர் பிறந்தநாள். வேப்பமூடு சிலைக்கு மாலை போட்ட கூட்டத்தில் நானும் நின்றேன். நின்றபோது வேறு யார் ஞாபகமும் இல்லை, என் அப்பா ஞாபகமும் உன் அப்பா ஞாபகமும்தான். 1969 ஆகஸ்டு இருபது. மறந்துவிட்டாயா?

அந்த வருசம் ஜனவரியில்தான் விருதுநகரில் தோற்ற மனுசரை நாம் நாகர்கோவில் இடைத்தேர்தலில் தூக்கி விட்டோம். நாம் என்ன, எங்கள் அப்பா. சைக்கிள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மைலாடி வரைக்கும் மிதித்தவர். ஏழு மாதத்தில் ராஷ்டிரபதி தேர்தல். தலைவரும் சேர்ந்து நிறுத்திய ஆள் சஞ்சீவ ரெட்டி. இந்திரா காந்தி மனசாட்சிப்படி போடுங்கள் என்று சொல்லி, கிரி நின்றார். உன் அப்பா தி.மு.க., ஆகவே கிரி. ரெண்டு பேரும் எங்கள் வீட்டுத் திண்ணையில், நடுவில் தோல் உறை போட்ட அந்த டிரான்சிஸ்டர். முதல் எண்ணிக்கையில் கிரிக்கு 4,01,515, வேண்டியது 4,18,169. எட்டவில்லை! அப்பா துள்ளி எழுந்தார், அடுப்புக்கரியை எடுத்துச் சுவரில் கழித்தல் போட்டார். அப்புறம் இரண்டாம் விருப்ப ஓட்டு எண்ணி, 4,20,077 என்று சொன்னபோது ரேடியோவை அணைத்தார். அந்த ராத்திரியில் கிணற்றடிக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார், சாவு வீட்டுக்குப் போய் வந்த மாதிரி. உன் அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தம் காட்டாமல் இறங்கிப் போனார். ஜெயித்தவர் அப்படிப் போனதைத்தான் இப்போது நினைக்கிறேன்.

நீயும் நானும் பந்தயம் கட்டியிருந்தோம். பத்து முந்திரிக்கொத்து. ரெட்டி யார், கிரி யார், உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. தீபாவளிக்குத் தருகிறேன் என்றேன். தீபாவளிக்கு அம்மா டப்பாவைப் பூட்டி வைத்துவிட்டாள் என்றேன். அது பொய்.

சரி, இந்தத் தேர்தலுக்கு வருகிறேன். ஓட்டுச் சீட்டு எம்.எல்.ஏ.க்களுக்கு இளஞ்சிவப்பு, எம்.பி.க்களுக்குப் பச்சை. சொந்தப் பேனாவை உள்ளே கொண்டுபோக முடியாது. கமிஷன் கொடுக்கிற ஊதா மைப் பேனாவால் 1, 2 என்று எண்ணால் எழுத வேண்டும். நம்மைப் போல விரலில் மை கிடையாது. கட்சி கொறடா உத்தரவும் போட முடியாது. முதல்வர் கொரோனாவுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தவர் நேராக வந்து போட்டுவிட்டுப் போனார். பெட்டிகளுக்கு விமானத்தில் தனி சீட், ‘மிஸ்டர் பேலட் பாக்ஸ்’ என்று பெயர் போட்ட டிக்கெட்! எழுபத்தெட்டு வயதாகியும் கோலப்பன் சார் விமானத்தில் ஏறவில்லை. “பெட்டியாகப் பொறந்திருக்கலாம்டே” என்றார்.

இத்தனை ஏற்பாடு இருந்தும் 53 பேர் செல்லாத ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் லே. அதில் 15 பேர் எம்.பி.! ஒன்று என்று எழுதத் தெரியாதா? என் அம்மா கைநாட்டு. சாகிற வரைக்கும் ஒரு ஓட்டும் செல்லாமல் போனதில்லை. கேரளத்தில் 140 ஓட்டும் எதிர்த்து நின்ற யஷ்வந்த் சின்ஹாவுக்கென்று எல்லோரும் நினைத்திருக்க, ஒருத்தர் மட்டும் முர்முவுக்குக் குத்தியிருக்கிறார். யாரென்று தெரியவில்லை. அந்த ஒருத்தரை எனக்குப் பிடித்திருக்கிறது, இப்படிச் சொல்வதற்குக் கட்சி ஆபீஸில் என்னை உதைப்பார்கள்.

இருபத்தொன்றாம் தேதி எண்ணிக்கை. 6,76,803-க்கு 3,80,177. முடிவு முன்பே தெரிந்த விஷயம்தான், ஆனாலும் சாயங்காலம் வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இப்போது உனக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓட்டு எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அந்தம்மா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டி.வி.க்காரன் சும்மா சொல்லிக்கொண்டே போகிறான்: மூத்த மகன் போனான், சில வருசத்தில் இளையவன் விபத்தில் போனான், அடுத்து வீட்டுக்காரர். செய்தி வாசிக்கிற வேகத்தில் மூன்று சாவு. பஹாட்பூரில் அவர்கள் குடியிருந்த இடத்தைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடமாக ஆக்கிவிட்டாராம். அதன் பெயர் எஸ்.எல்.எஸ். பள்ளி. ஷ்யாம், லக்ஷ்மண், சிபுன். புருசன் பெயரும் இரண்டு மகன்கள் பெயரும். பிள்ளைகள் சட்டைப் பையில் அந்த மூன்று எழுத்தைக் குத்திக்கொண்டு ஓடுவார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

தாணு, ராஜு போனபோது நான் போன் பண்ணினேன். “உடம்பைப் பார்த்துக்கோ” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஐம்பது வருசச் சிநேகிதத்துக்கு நான் சொன்னது அவ்வளவுதான். ரயில் இல்லை, இ-பாஸ் இல்லை, எல்லாம் சரி. எழுதியிருக்கலாம். மூன்று தடவை உட்கார்ந்தேன் என்றேனே, மூன்று தாளிலும் ‘அன்புள்ள தாணு’ என்பதற்குக் கீழே ஒன்றும் இல்லை. முப்பத்து நாலு வயசுப் பையனைப் பற்றி அவன் அப்பனுக்கு என்னத்தை எழுதுவது? ஆறுதல் சொன்னால் நீ என்னைத் திட்டுவாய் என்று பயம். திட்டாமல் படித்துவிட்டு மடித்து வைப்பாயோ என்று அதைவிடப் பயம்.

ஆகவே ஆறுதல் சொல்லப்போவதில்லை. ஒரு விசயம் மட்டும் சொல்கிறேன், உனக்குத் தெரியாது. 1996 மே மாதம் நீங்கள் வந்திருந்தபோது ராஜுவை என்னோடு அணைக்குக் கூட்டிப்போனேன் அல்லவா? நீயும் பகவதியும் சுசீந்திரத்துக்குப் போயிருந்தீர்கள். அணையைக் கட்டிய மின்சின் துரை கல்லறையைக் காட்டினேன், அதில் அவனுக்கு ஆர்வமில்லை. லஸ்கர் அளவுகோலைப் பார்த்துவிட்டு வந்து மட்டம் சொல்ல, நான் ரிஜிஸ்டரில் எழுதப்போனேன். “மாமா, நான் எழுதட்டா” என்றான். ஒன்பது வயசு. பேனாவைக் கொடுத்தேன். நாக்கைத் துருத்திக்கொண்டு, கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் தள்ளி, 19.30 என்று எழுதினான். மூன்றைத் திருப்பிப் போட்டுவிட்டு, அவனே அடித்து மறுபடி எழுதினான். அடித்தல் திருத்தலுக்குச் சுருக்கொப்பம் போட வேண்டும் என்பது ரூல். ‘டி.’ என்று நான் பக்கத்தில் போட்டேன். ஆடிட்டில் யாரும் கேட்கவில்லை. ரிட்டயர் ஆவதற்கு முந்தின வாரம் பழைய ரிஜிஸ்டர்களைக் கட்டி வைக்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மை கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். அந்த வருசத்தில் அந்த ஒரு நாள் பேச்சிப்பாறையில் எவ்வளவு தண்ணீர் என்று யாராவது தேடினால், அவன் கையெழுத்தில்தான் படிக்க வேண்டும்.

அவன் அறையை என்ன செய்தீர்கள்? பதில் எழுத வேண்டுமென்று இல்லை. எழுதினால் படிப்பேன்.

நாளைக்கு ஒரு பார்சல் போடுகிறேன். சாந்தா நேற்று ராத்திரி உட்கார்ந்து பாசிப்பயறு வறுத்தாள். இன்று காலை வீடு முழுக்க வெல்லப்பாகு மணம். பத்து முந்திரிக்கொத்து, எண்ணி வைத்தேன். ஐம்பத்து மூன்று வருசத்துக்கு வட்டி கேட்காதே. ரூர்கேலா போய்ச் சேர எட்டு நாளாவது ஆகும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள், கெட்டுப்போகாது. பகவதிக்குப் பல் எப்படி இருக்கிறது? இந்தத் தடவை பாகு கொஞ்சம் முற்றிவிட்டது, கடிக்கும்போது பார்த்துக் கடிக்கச் சொல்லு.

தங்கப்பன்