பதினான்கு எழுத்துச் சீட்டு

அன்புள்ள செல்விக்கு,

ஷாங்காய் அருங்காட்சியகத்திலிருந்து நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டேன். ஹுவாய்சு என்ற சீனத் துறவி 8-ஆம் நூற்றாண்டில் பட்டில் எழுதிய சீட்டு. இரண்டே வரி, 14 எழுத்து. "கசப்பு மூங்கில் குருத்தும் தேநீரும் மிக அருமை; நேராக வரலாம்." அப்புறம் பெயர். "நானும் இதைத்தானே மாதாமாதம் எழுதுகிறேன், அவள் வருகிறாளா?" என்றாள் உன் அம்மா.

நாற்பது வருடம் கடைப் பலகை எழுதியவன் கண்ணுக்கு அந்தச் சீட்டில் வேறொன்றும் படுகிறது. நாங்கள் நூல் பிடித்துக் கோடு போட்டு, பென்சிலால் வரைந்து, எனாமல் நிரப்பி, மறுநாள் பிசிறு திருத்துவோம். சீன எழுத்தில் இழுத்த கோட்டின்மேல் இன்னொரு முறை தூரிகை வைக்கக்கூடாது. கை நடுங்கினால் நடுக்கமும் எழுத்தோடு நின்றுவிடும். அங்கே திருத்தம் எல்லாம் எழுதுவதற்கு முன்பே, மனதில்தான்.

அந்த மனதை விழிப்பாக வைக்கத்தான் தேநீர் நுழைந்தது. அதே நூற்றாண்டின் முற்பாதியில், தாய்ஷான் மலையின் லிங்யான் கோயிலில் ஜென் என்ற பௌத்தத் தியானம் பயின்றவர்கள் தூங்கக்கூடாது; இரவுச் சாப்பாடும் கிடையாது. தேநீருக்கு மட்டும் அனுமதி. ஆளாளுக்கு மடியில் கட்டிக்கொண்டு போன இடமெல்லாம் காய்ச்சிக் குடித்தார்கள், பார்த்தவர்களும் பழகிக்கொண்டார்கள்.

தேநீரைப் பற்றி முதல் பெரிய நூல் எழுதிய லூ யூ மடத்தில் வளர்ந்தவர். ஹுவாய்சுவின் வாழ்க்கையையும் எழுதியவர் அவரே. காகிதம் வாங்க வழியில்லாமல் பத்தாயிரத்துக்கு மேல் வாழை நட்டு, இலையில் எழுதிப் பழகினாராம் அந்தத் துறவி. பத்தாயிரம் என்பதை வாழை வைத்தவன் எவனும் நம்பமாட்டான். இலையில் எழுதினார் என்பதை நம்புகிறேன். வழுக்கும் இலையில் பழகிய கைக்குப் பட்டு எம்மாத்திரம்!

போதையில் சுவரெல்லாம் எழுதித் தள்ளியவர் என்றுதான் அவருக்குப் பெரிய பெயர். துறவிக்கு மது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. எனக்கு அந்த ஆட்டத்தைவிடத் தேநீருக்கு அழைத்த இந்தச் சீட்டுதான் பிடித்திருக்கிறது. வேகம் இருக்கிறது, பதற்றம் இல்லை. சாரத்தில் ஏறும் முன் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் நானும் தூரிகையைத் தொடுவேன்.

மறுபடி போனால், பட்டில் மை ஓரம் கசிந்திருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பார். படத்தில் தெரியவில்லை.

அன்புடன்,
அப்பா