ஈப்புழுவுக்கு முன்னால் பட்டுப்புழுவைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நன்னீர் மீனுக்குப் பூச்சித் தீவனம் பற்றி நீங்கள் போட்ட கட்டுரையைப் படித்தேன். பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவை வளர்த்து மீனுக்குத் தீவனமாகப் போடலாம் என்று எழுதியது சரிதான். அந்தப் புழு காய்கறிக் கழிவைத் தின்றே இரண்டு மூன்று வாரத்தில் பெருத்துவிடும், முற்றியதும் தானாகவே தொட்டியை விட்டு ஏறி வந்துவிடும், ஈயும் கடிக்காது, வீட்டு ஈ மாதிரி சோற்றில் வந்து மொய்க்காது. ஆனால் உடுமலை, கோபி பக்கம் இருக்கிறவர்கள் எதற்குங்க அதற்கென்று முட்டை வாங்கி, கூண்டு கட்டி ஆரம்பிக்க வேண்டும்? பட்டுக்கூட்டை வேகவைத்து நூல் எடுத்தபின் மிஞ்சும் கூட்டுப்புழுவும் பூச்சிதானே, காய்ந்த எடையில் பாதிக்குப் பாதி புரதம் இருக்கிறது. எண்ணெயும் அதிகம் என்பதால் ஈரத்தோடு மூட்டை கட்டி வைத்தால் சிக்கடித்து ஊரே நாறும். வந்த அன்றைக்கே வெயிலில் பரப்பிவிட வேண்டும், எண்ணெய் பிழிந்து எடுத்த தூள் கிடைத்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று. ரோகு, கட்லா விட்டிருக்கும் பண்ணைக்குட்டைக்குத் தவிடும் கடலைப் புண்ணாக்குமே பெரும்பாலும் போதும், புண்ணாக்கு விலை ஏறும்போது அதில் ஒரு பங்கைக் குறைத்துப் புழுத்தூள் கலக்கலாம், அவ்வளவுதான். புரதம் அதிகம் கேட்பது விராலும் குஞ்சுப் பருவமும்தான், கணக்குப் பார்க்க வேண்டியது அங்கே. கடல்மீனை அரைத்துத் தீவனத்தில் சேர்க்கும் மீன்தூளையே முழுசாக நிறுத்திவிடலாம் என்று எழுதியிருப்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கடல்மீனில் இருக்கும் நீண்ட சங்கிலி ஒமேகா 3 கொழுப்பு, கழிவு தின்று வளர்ந்த ஈப்புழுவில் அநேகமாகக் கிடையாது.

அப்புறம், "வளர்த்துக் கொடுங்கள், நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம்" என்று யாராவது முன்பணம் கேட்டு வந்தால் என்ன செய்வது என்பதையும் நீங்கள் எழுதியிருக்கலாம். 2012-இல் ஈமு கோழி வளர்ப்பில் இப்படிப் பணம் போட்டு ஏமாந்து பட்ட பாடு பெருந்துறைப் பக்கம் இன்னும் யாருக்கும் மறக்கவில்லை. தன் குட்டை மீன் தின்கிற அளவுக்குப் புழு வளர்ப்பவருக்கு இந்தப் பயமே இல்லை, வாங்க ஆள் வராவிட்டாலும் மீன் தின்றுவிடும்.

கட்டுரையில் 40 சதவீதம் புரதம் என்று போட்டிருக்கிறீர்கள், அது காய்ந்த புழுவுக்கு. உயிர்ப்புழுவில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான், உயிர்ப்புழு விலையைப் புண்ணாக்கு விலையோடு நேராக ஒப்பிட்டால் கணக்கு தப்பிப் போகும். அடுத்த முறை கிலோ விலை போடும்போது ஈரப்புழுவா, காய்ந்த புழுவா என்று சேர்த்தே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உடுமலைப்பேட்டை