தஞ்சையிலிருந்து திரும்பி, தோழிக்கு ஒரு கடிதம்

அன்புத் தோழிக்கு,

நலம். கண்ணில் புரை நீக்கிய பிறகு நீ உன் கைப்பட எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. வரி கோணாமல், எழுத்து சிதறாமல் இருந்ததைப் பார்த்ததுமே பாதிக் கவலை நீங்கிவிட்டது. தஞ்சாவூருக்குப் புறப்படுகிறேன் என்று நான் எழுதியதற்கு, "பள்ளி நாளில் சுற்றுலாவாகப் போய் ஒரே பகலில் பார்த்து முடித்த ஊர்தானே, இன்னும் என்ன மீதி இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். மூன்று நாள் தங்கிவிட்டு வந்திருக்கிறேன். நாம் அன்று பார்த்தது பெரிய கோயில் விமானத்தின் உயரத்தை மட்டுமே என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

இந்த முறை கல்வெட்டு வாசிக்கப் பயின்ற என் அண்ணன் மகள் உடன் வந்தாள். பெரிய கோயிலுக்குள் நுழைந்ததும் எல்லாரும் தலையை நிமிர்த்தி மேலே பார்க்க, அவள் என்னை நேராக விமானத்தின் அடித்தளத்துக்கு அழைத்துச் சென்று, வெயில் சாய்வாக விழும் காலை நேரத்தில்தான் எழுத்து நன்றாகத் தெரியும் என்று சொல்லி, கல்லில் விரல் படாமல் வரிவரியாகக் காட்டினாள். பழந்தமிழ் எழுத்தில் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. நெடிலும் குறிலும் சில இடங்களில் ஒன்றுபோலவே இருக்கும். முதலில் திணறினேன், சிறிது நேரத்தில் ஒன்றிரண்டு சொற்கள் தாமாகவே பிடிபட்டன. தான் எடுப்பித்த கற்றளிக்கு, அதாவது கற்கோயிலுக்கு, "நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" எல்லாவற்றையும் கல்லில் வெட்டுக என்று இராஜராஜன் சொன்ன வாசகம் அங்கே இருக்கிறது. தேவியருக்கு முன்னால் தன் தமக்கை குந்தவையைச் சொல்கிறான். கடைசியில், பேர் தெரியாத எவரெவரோ கொடுத்ததையும் தன் கொடையோடு ஒரே வாக்கியத்தில் சேர்த்துவிடுகிறான். அந்த வாக்கியத்தை வாசித்துவிட்டுச் சிறிது நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் உனக்கு நான் எழுத விரும்புவது வடபுறத் திருச்சுற்று மதிலின் வெளிப்பக்கம் உள்ள கல்வெட்டைப் பற்றி. கூட்டம் அந்தப் பக்கம் வருவதே இல்லை. கோயிலில் ஆடுவதற்காகச் சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் அது. தளிச்சேரி என்றால் கோயிலைச் சேர்ந்த குடியிருப்பு. பட்டியல் என்றால் எண்ணிக்கையைச் சொல்லி நிறுத்திய பட்டியல் அன்று. எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (வரிசை), அதில் எத்தனையாவது வீடு, அந்த வீட்டுக்காரி எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், அவள் பெயர் என்ன என்று ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறது. தெற்குத் தளிச்சேரியின் தென்சிறகில் தலைவீடு நக்கன் சேரமங்கைக்கு உரியது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருத்தி இறந்துபோனால் அவளுக்கு அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்தப் பணியைச் செய்ய வேண்டும். அவர்களுக்குத் தகுதி இல்லையென்றால் தகுதி உள்ளவரை அவர்களே தெரிந்து வைக்க வேண்டும் என்ற ஏற்பாடும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது. ஆடல் ஆசிரியர்கள், பாடுவோர், கோயில் இசைக்கருவிகளை வாசிக்கும் உவச்சர், கணக்கர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், குயவர், வண்ணார், தையற்காரர் என்று பட்டியல் நீளுகிறது. நாவிதருக்கும் பங்கு உண்டு. அவருக்கு இராஜராஜப் பெருநாவிசன் என்று அரசனின் பெயரையே பட்டமாகச் சூட்டியிருக்கிறார்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாட்டியம் கற்பித்தவள் நீ. உன் மாணவிகளின் பெயர்களை ஆண்டுவாரியாக நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பாயே, சேரமங்கையின் பெயரை வாசித்தபோது அந்த நோட்டுகள்தாம் நினைவுக்கு வந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் எந்த வீட்டு வாசலில் நின்றாள் என்பது நமக்குத் தெரிகிறது. நம் கொள்ளுப்பாட்டியின் வீடு எது என்று என்னால் சொல்ல முடியாது.

விமானத்தின் மேல்தள உள்சுற்றில் ஆடவல்லானாகிய சிவன் தானே ஆடிக் காட்டும் கரணச் சிற்பங்கள், அதாவது நாட்டிய நிலைகளின் சிற்பங்கள், இருப்பதை நீ அறிவாய். 108 கரணங்களுள் 81 முடிந்திருக்கின்றன. எஞ்சிய 27-க்கான கற்கள் உளி படாமல் அப்படியே நிற்கின்றன. பொதுமக்களை அங்கே அனுமதிப்பதில்லை என்பதால் படங்களில்தான் பார்த்தேன். கருவறையைச் சுற்றிய கீழ்த்தளச் சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்களுக்கும் அதே நிலைதான். 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி அவற்றைக் கண்டறியும்வரை, அவற்றின்மேல் தீட்டிய நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் அவை மறைந்தே கிடந்தன. பின்னர்த் தொல்லியல் துறையினர் மேற்பூச்சை வீணாக்காமல் பெயர்த்தெடுத்துத் தனிப் பலகைகளில் பதித்து, அடியில் இருந்ததையும் மீட்டார்கள். சுந்தரர் வெள்ளை யானைமீதும் சேரமான் பெருமாள் குதிரைமீதும் கயிலை செல்லும் காட்சியின் படத்தைப் பார்த்தேன். அந்தக் குதிரையின் பாய்ச்சலில் இருக்கும் வேகம் இன்னும் கண்ணை விட்டு அகலவில்லை.

விளக்கு ஏற்பாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகளை இடையர்களிடம் ஒப்படைப்பார்கள். அவர்கள் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். எண்ணிக்கை எந்நாளும் குறையக் கூடாது என்பதால் அக்காலக் கல்வெட்டுகள் அவற்றைச் "சாவா மூவாப் பேராடு" என்று சொல்கின்றன. இவ்வளவு அழகான சொல்லை ஒரு கணக்குப் பதிவில் சந்திப்பேன் என்று நான் எண்ணியதில்லை.

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று நமக்குப் பள்ளியில் சொன்னார்களே, மாலையில் அந்த நிழலிலேயே உட்கார்ந்து இளைப்பாறினேன். இப்படிப்பட்ட கதைகளைச் சொல்லும் வழிகாட்டிகள் அதே நேரத்தில் அந்த மதிலில் இருக்கும் பெயர்களைச் சொல்லியிருந்தால் பிள்ளைகள் எவ்வளவு வியந்திருப்பார்கள் என்று மனம் வருந்தியது. இன்னொன்று: அந்தக் கோயில் ஓர் அரசனோடு முடிந்துவிடவில்லை. பெரிய நந்தியும் முருகன் சன்னதியும் நாயக்கர் காலத்தவை. அம்மன் சன்னதி பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் எழுந்தது. 1803-ல் மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி தம் போன்சலே குலத்தின் வரலாற்றை மராத்தியில் மிக நீளமாக வெட்டுவித்திருக்கிறார். வந்தவர்கள் எல்லாரும் முன்பிருந்த எழுத்தை அழிக்காமல் தங்கள் எழுத்துக்கு வேறு சுவரைத் தேடிக்கொண்டார்கள் என்பதை நினைத்தால் நன்றியுணர்வே மேலிடுகிறது.

இரண்டாம் நாள் அரண்மனை. நாயக்கர் தொடங்கி மராத்தியர் விரித்த கட்டடம் அது. கோயிலைப் பார்த்த கண்ணுக்கு அது முதலில் ஏமாற்றம் தருவதை மறைக்கமாட்டேன். சுதை உதிர்ந்த சுவர்களையும் புறா அடைந்த மாடங்களையும் கடந்துதான் உள்ளே போக வேண்டியிருக்கிறது. தர்பார் மண்டபத்தின் வண்ணத் தூண்கள் மட்டும் பழைய பொலிவை ஓரளவு காட்டுகின்றன. மணிமாடத்தையும் ஆயுத கோபுரத்தையும் விரைவாகப் பார்த்துவிட்டுக் கலைக்கூடத்துக்குப் போனேன். அங்கே இரண்டு மணி நேரம் கழிந்தது தெரியவில்லை.

திருவெண்காட்டு ரிஷப வாகன தேவர் செம்பு மேனி அங்கேதான் இருக்கிறது. அது செய்யப்பட்டது 1011-ல். அதாவது பெரிய கோயிலுக்குக் கலசம் ஏறிய அடுத்த ஆண்டில். சடையையே தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, ஒரு காலைக் குறுக்கே வைத்து, விடையின்மேல், அதாவது தம் காளையின்மேல், கையை ஊன்றிச் சாய்ந்து நிற்கிறார். விடை இன்று இல்லை, காணாமற்போய்விட்டது. ஊன்றுவதற்கு ஒன்றும் இல்லாத வெற்றிடத்தில் அந்தக் கை இன்னும் அதே நம்பிக்கையோடு தளர்ந்து கிடக்கிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் விடையின் உயரத்தைக்கூட அந்த விரல்களிலிருந்து உன்னால் கணித்துவிட முடியும். ஒரு முத்திரை எவ்வளவு பேசும் என்று நீ மாணவிகளுக்குச் சொல்வாயே, அதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அதே வளாகத்தில்தான் சரசுவதி மகால் நூலகம். நாயக்கர் காலத்தில் தோன்றிய அரண்மனைச் சுவடி நிலையம், சரபோஜியின் காலத்தில் பெரிதும் வளர்ந்து, 1918-ல் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. காசி யாத்திரை போனபோதும் அவர் ஏடுகளைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார். 1805-ல் அரண்மனையில் அச்சுக்கூடம் நிறுவினார். தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தையும் நடத்தினார். இதை உனக்கு எழுதக் காரணம் உண்டு. அங்கே கண் சிகிச்சை பெற்ற நாற்பதுக்கும் மேற்பட்டவர்களின் குறிப்புகள், நோயுற்ற கண்களின் வண்ணப் படங்களோடு இந்த நூலகத்தில் இன்றும் பாதுகாக்கப்பட்டுவருகின்றன. புரை நீக்கும் சிகிச்சையும் அவற்றுள் உண்டு. மரத்துப்போக வைக்கும் மருந்து இல்லாத அந்நாளில், கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு அசையாமல் இருந்தவர்களை நினைத்தேன். உடனே உன்னையும் நினைத்தேன். சேரமங்கையின் வீட்டை எழுதிய அதே ஊர், எண்ணூறு ஆண்டு கழித்து, குடிமக்களின் கண்களையும் வரைந்து வைத்திருக்கிறது. தஞ்சாவூரில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பழக்கம்தான். இதைப் பார்த்த பிறகு அரண்மனையின் உதிர்ந்த சுவர்கள்மீது இருந்த மனக்குறை எனக்குக் குறைந்துபோயிற்று.

மூன்றாம் நாளை மேலவீதிக்கு ஒதுக்கினேன். சியாமா சாஸ்திரிகள் பூசித்த பங்காரு காமாட்சியைத் தொழுதுவிட்டு, நம் அடைவு முறையை ஒழுங்குபடுத்தித் தந்த தஞ்சை நால்வரும் இந்த ஊரில் நடமாடியவர்கள்தாமே என்று எண்ணியபடி மெதுவாக நடந்தேன். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்று அவர்கள் பெயரை நீ மாணவிகளை வரிசை மாறாமல் சொல்லவைப்பது நினைவுக்கு வந்தது.

அந்தக் கல்வெட்டின் முதல் இருபது வீடுகளின் பெயர்களை அண்ணன் மகள் இக்கால எழுத்தில் தெளிவாகப் பெயர்த்து எழுதித் தந்திருக்கிறாள், இத்துடன் வைத்திருக்கிறேன். கண்ணுக்கு அலுப்பு ஏற்படாதபடி பெரிய எழுத்தில் எழுதச் சொன்னேன். வெயிலும் தூசியும் படலாம் என்று மருத்துவர் எப்போது சொல்கிறார் என்பதைக் கேட்டு எழுது. இராஜராஜனின் பிறந்தநாளான ஐப்பசிச் சதயத்துக்கு முன்னால் நாம் இருவரும் போய் வரலாம். முதலில் வடபுற மதிலுக்குப் போவோம். அந்த வரியை நீ உன் கண்ணால் வாசிக்க வேண்டும்.

என்றும் அன்புடன்,
உன் தோழி