பெயிண்டுக்கு முன்னால் உப்புத்தாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருமுனைப் பெயர்ப்பலகையைப் பல வருடங்களுக்குப் பிறகு போன வாரம்தான் படிக்க முடிந்தது. அதுவரை அது கண்ணீர் அஞ்சலிக்கும் காதணி விழாவுக்கும்தான் பயன்பட்டது. எங்கள் பகுதிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சுவரொட்டிகளைத் தண்ணீர் தெளித்து ஊறவைத்துச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூசி, ஒரு நாள் காயவிட்ட பிறகே எனாமல் பெயிண்டைத் தொட்டார்கள். துருவின் மேலேயே பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்குள் பொருக்குத் தட்டி உரிந்துவிடும். ஒப்பந்த வேலையில் இதை எத்தனையோ முறை பார்த்தாயிற்று. அப்படியே அடிபம்புக்கும் கிரீஸ் வைத்துவிட்டார்கள்.

அவர்களிடம் ஒரு வேண்டுகோள். குளத்தங்கரைச் சுமைதாங்கிக் கல்லுக்கும் வர்ணம் பூசப்போவதாகச் சொல்கிறார்கள். வேண்டாமப்பா! நட்டுக்குத்தாக இரண்டு கல், மேலே படுக்கையாக ஒன்று. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது வழக்கம். எங்கள் ஊர்க் கல்லில் பெயர் வெட்டியிருக்கிறது. எனாமல் ஏறினால் எழுத்து அடைபட்டுப் போகும். தண்ணீரும் தேங்காய் நாரும் போதும்.

பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் பெயிண்ட் காய்ந்த மூன்றாம் நாள் பலகையில் ஒரு பூப்புனித நீராட்டு விழா ஏறிவிட்டது. அச்சகத்தின் கைபேசி எண் அதில் பெரிதாகவே இருக்கிறது. அதிகாரிகள் கூப்பிட்டுக் கேட்கலாம்.

- ஒரு வாசகர், கும்பகோணம்